கடல்நீரில் கரைந்த கார்பனின் வயது

ஒரு லிட்டர் கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 35 கிராம். கரைந்த கரிமச் சேர்மங்களின் கார்பனோ ஒரு மில்லிகிராம்கூடத் தேறுவதில்லை. அதைப் பிரித்தெடுப்பதுதான் ஆய்வகத்தின் பெரும்பாடு. புற ஊதாக் கதிரால் அச்சேர்மங்களைச் சிதைக்கும் முறை 1966-இல் வெளியானது. நீரில் அமிலம் சேர்த்து, வாயுவைச் செலுத்திக் கனிமக் கார்பனை முதலில் விரட்ட வேண்டும். பிறகு குவார்ட்ஸ் கலனில் பாதரச விளக்கொளி பட்டுக் கரிமம் கார்பன் டை ஆக்சைடாகிறது. திரவ நைட்ரஜனின் குளிரில் அது உறைந்து சிக்குகிறது.

இம்முறையில் 1969-இல் பீட்டர் வில்லியம்ஸ் குழுவினர் வடகிழக்கு பசிபிக்கின் ஆழ்நீரில் கார்பன்-14 அளந்து, சுமார் 3,400 ஆண்டு வயது கண்டனர். 1987-இல் வில்லியம்ஸும் எலன் டிரஃபலும் மத்திய வட பசிபிக்கின் ஆழத்தில் கண்டது 6,000 ஆண்டுகள். அணுக்களையே எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானி வந்தபின் மிகச் சிறிய மாதிரியே போதுமானது.

1988-இல் ஜப்பானின் சுகிமுராவும் சுசுகியும் உயர்வெப்ப வினையூக்கி முறையில் மிக அதிகக் கார்பன் கிடைப்பதாக அறிவித்தனர். அப்படியானால் புற ஊதா முறை பெரும்பகுதியைத் தவறவிட்டிருக்க வேண்டும். ஆனால் 1993-இல் சுசுகியே அம்முடிவைத் திரும்பப் பெற்றார். விஞ்ஞானத்தில் இது அபூர்வமான நேர்மை. அந்தச் சர்ச்சையால், கருவியிலிருந்தே கசியும் மாசுக் கார்பனை அளந்து கழிப்பதில் ஆய்வகங்கள் கண்டிப்பாயின. 2007-இல் போப்ரே, டிரஃபல், கிரிஃபின் ஆகியோர் அந்த மாசைப் பெரிதும் குறைத்த புற ஊதாக் கருவியமைப்பை விவரித்தனர்.