பைப்பும் வெயிட்டும்: யூனிக்ஸ் காத்திருக்கக் கற்றுக்கொண்ட கதை

வழக்கப்படி ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வந்து சேரவே மூன்று நாள் போல ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால்களில் நுழைந்து, தலைஞாயிறு பக்கம் கடைமடைக்குப் போக இன்னும் பல நாள். மேலே திறந்துவிடுவது ஒரு நாள் கூத்து. கீழே காத்திருப்பதுதான் பெரிய வேலை. தஞ்சாவூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை.

சி மொழியில் ஒரு புரோகிராம் இன்னொன்றை ஓடவிட்டு, நடுவில் ஒரு பைப்பைப் போட்டு, வருகிற விடையை வாங்கிக்கொண்டு, அது முடியும்வரை காத்திருப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். யூனிக்ஸில் பைப் ஒரே ராத்திரியில் வந்தது. ஒழுங்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளத்தான் இருபது வருஷம் பிடித்தது.

பைப் என்ற ஆசைக்கு வயது அதிகம். பெல் ஆய்வகத்தில் இருந்த டக் மெக்கில்ராய் 1964 அக்டோபரிலேயே ஒரு குறிப்பு எழுதினார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் குழாயை ஒன்றோடொன்று திருகி இணைப்பதுபோல, புரோகிராம்களையும் இணைக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். அப்போது யூனிக்ஸே பிறக்கவில்லை.

1969-இல் கென் தாம்சன் ஒரு பழைய பிடிபி-7 கணினியில் யூனிக்ஸை எழுத ஆரம்பித்தார். ஒரு புராசஸ் தன்னைப் போலவே இன்னொன்றைப் பெற்றெடுக்கும் 'ஃபோர்க்' என்ற யோசனை பெர்க்லியில் ஏற்கனவே ஒரு கணினியில் இருந்தது. பிடிபி-7-இல் அதைச் சேர்க்க வெறும் 27 வரி அசெம்பிளி போதுமானதாக இருந்தது என்று டென்னிஸ் ரிச்சி பின்னாளில் எழுதினார். பிள்ளை பெறுவது அவ்வளவு சுலபம்!

ஆனால் அந்தப் பிள்ளை வேலையை முடித்துவிட்டதா என்று அப்பனுக்கு எப்படித் தெரியும்? அப்போது 'வெயிட்' என்ற கட்டளையே கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு புராசஸ் இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பவும் வாங்கவும் இரண்டு கட்டளைகள். ஷெல் என்ன செய்தது தெரியுமா? பிள்ளைக்கு ஒரு செய்தி அனுப்பும். பிள்ளை அதை வாங்கவே வாங்காது. வாங்கும்வரை அனுப்பியவர் நகர முடியாது. பிள்ளை வேலை முடிந்து செத்துப்போனதும், "அப்படி ஒரு புராசஸ் இல்லை" என்று பிழை திரும்பி வரும். அதுதான் வேலை முடிந்ததற்கு அடையாளம். விலாசதாரர் காலமானார் என்று கடிதம் திரும்பி வந்தால் சேதி தெரிந்துகொள்வது மாதிரி.

இதில் ஓட்டை இருந்தது. பிள்ளை ஏதோ ஒரு காரணத்துக்காகத் தனக்கு வந்த செய்தியை எடுத்துவிட்டால், அது முடிந்துவிட்டதாக நினைத்து ஷெல் அடுத்த வரியைப் படிக்கப் போய்விடும். செய்தி வசதியை வேறு யாரும் பயன்படுத்தாததால்தான் பிழைத்தார்கள். கடைசியில் அதைத் தூக்கிவிட்டு 'வெயிட்' என்று நேரான ஒரு கட்டளையை வைத்தார்கள். 1971 நவம்பரில் வந்த முதல் பதிப்புக் கையேட்டில் அது இருக்கிறது.

மெக்கில்ராய் மட்டும் விடவில்லை. அவ்வப்போது நச்சரித்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் தாம்சன் "செய்துவிடுகிறேன்" என்று உட்கார்ந்து, ஒரே ராத்திரியில் பைப்பை கெர்னலிலும் ஷெல்லிலும் சேர்த்துவிட்டார். 1973-இன் மூன்றாம் பதிப்புக் கையேட்டில் பைப் ஏறியது. அதே வருஷம் கெர்னலையே சி மொழியில் திரும்ப எழுதினார்கள்.

இங்கேதான் மெக்கில்ராயின் உவமை கொஞ்சம் இடிக்கிறது. ரப்பர் குழாயைவிட நம் ஊர் வாய்க்கால்தான் பைப்புக்குப் பொருத்தம். வாய்க்காலுக்குக் கொள்ளளவு உண்டு, பைப்புக்கும் உண்டு. 1975-இன் ஆறாம் பதிப்பில் அது 4096 பைட். நிரம்பிவிட்டால் எழுதுகிறவர் நின்றுவிட வேண்டியதுதான். காவிரியில் வெள்ளம் மிஞ்சினால் முக்கொம்பிலும் கல்லணையிலும் கொள்ளிடத்தில் திருப்பிவிடலாம், கடலுக்குப் போய்விடும். பைப்புக்குக் கொள்ளிடம் கிடையாது. ஒரு பைட்கூட வீணாகக் கூடாது என்பதால், கீழே இருப்பவர் எடுத்தால்தான் மேலே இருப்பவர் நகர முடியும்.

இப்போது அப்பன் 'முதலில் பிள்ளை முடிக்கட்டும், பிறகு படிக்கலாம்' என்று வெயிட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால்? பிள்ளை பைப்பை நிரப்பிவிட்டு, அப்பன் படிக்கட்டும் என்று காத்திருக்கும். அப்பனோ பிள்ளை சாகட்டும் என்று காத்திருப்பான். இரண்டும் அசையாது. பிழைச் செய்தியும் வராது.

இன்னொரு கோளாறும் உண்டு. ஃபோர்க் செய்யும்போது பைப்பின் இரண்டு முனையும் இருவர் கையிலும் இருக்கும். வேண்டாத எழுதும் முனையை அப்பன் மூடாமல் விட்டால், பிள்ளை போன பிறகும் படிப்பு முடியாது. மேலே ஏதோ ஒரு மதகு திறந்திருக்கிறது, தண்ணீர் இன்னும் வரும் என்று கெர்னல் நம்பிக்கொண்டே இருக்கும். அந்த மதகு அப்பன் கையிலேயே இருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

சரி, பயந்துபோய் வெயிட்டே போடாமல் விட்டால்? செத்த பிள்ளையின் முடிவுக் குறிப்பை அப்பன் வந்து வாங்கும்வரை கெர்னல் வைத்திருக்கும். அதற்குப் பெயர்தான் சோம்பி. நம் வழக்கத்துக்கு நேர் எதிர்: இங்கே பிள்ளைக்கு அப்பன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அப்பனும் போய்விட்டால் 'இனிட்' என்ற முதல் புராசஸ் தத்தெடுத்துக்கொண்டு காரியத்தை முடிக்கும். ஆறாம் பதிப்பின் புராசஸ் பட்டியலில் மொத்தமே 50 இடம். பிணங்கள் சேர்ந்தால் புதிதாகப் பெற இடமிருக்காது.

1979-இல் வந்த ஏழாம் பதிப்பு, இத்தனை தொல்லையையும் மூடிமறைக்க 'பி-ஓப்பன்', 'பி-குளோஸ்' என்ற இரண்டு ஃபங்ஷன்களைத் தந்தது. பைப், ஃபோர்க், வெயிட் எல்லாம் உள்ளேயே நடந்துவிடும். ஆனால் அன்றைய வெயிட்டுக்கு 'இந்தப் பிள்ளைக்காக' என்று சொல்லத் தெரியாது. எந்தப் பிள்ளை முதலில் போனாலும் அதன் குறிப்பைக் கொண்டுவந்து தரும். பி-குளோஸ் தன் பிள்ளை வரும்வரை திரும்பத் திரும்ப வெயிட் போட்டு, நடுவில் வந்த மற்றவர்களின் குறிப்பைத் தூக்கி எறிந்துவிடும். பிறகு அவர்களைப் பற்றிக் கேட்டால், அப்படி யாருமே இல்லை என்ற பதில்தான் வரும். பெயர் சொல்லிக் காத்திருக்கும் 'வெயிட்-பிட்' பொது விதியானது 1988-இல், போசிக்ஸ் தரத்தில்தான்.

அதன் பிறகும் முதலில் படிப்பதா காத்திருப்பதா என்ற குழப்பம் புரோகிராம் எழுதுகிறவர் தலையில்தான். 2004-இல் பைத்தான் 2.4 தன் சப்புராசஸ் மாட்யூலில் 'கம்யூனிகேட்' என்று ஒன்றை வைத்தது. இரண்டு பக்கமும் தடைபடாமல் எழுதி, முழுதாகப் படித்துவிட்டு, அப்புறம்தான் வெயிட் போடும். சி-யில் இந்த வரிசையை நாமே எழுத வேண்டும்: வேண்டாத முனையை மூடு, கடைசிவரை படி, பிறகு வெயிட்.

2005-இல் லினக்ஸ் 2.6.11 பைப்பின் கொள்ளளவை 64 கிலோபைட்டாக ஆக்கியது. அன்றிலிருந்து வரிசை தப்பாக எழுதிய புரோகிராமும் லேப்பில் பத்து வரி விடைக்குச் சமர்த்தாக ஓடிவிடுகிறது. விடை 65,536 பைட்டைத் தாண்டும் அன்றைக்குத்தான் நின்றுபோகும்.