ஹெட் கேஸ்கெட் (பழைய கார் எஞ்சின்)

எஞ்சின் பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே வைத்து இறுக்கப்படும் தகடு. எரியும் வாயு வெளியேறாமலும் குளிர்விக்கும் நீர் சிலிண்டருக்குள் கசியாமலும் தடுக்கிறது. ஹெட்டைத் தனியே கழற்ற முடிந்த ஃபோர்டு மாடல் டி (1908–1927) காரில் செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்த கேஸ்கெட் பயன்பட்டது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால், பழையதைச் சுரண்டும்முன் நன்றாக நனைப்பது அவசியம். புதியவற்றில் வேறு நாரிழைகள் நிரப்பப்படுகின்றன.

வாங்கும்போது முதலில் துளை அளவைப் பார்க்க வேண்டும். போர் போட்டுப் பெரிதாக்கிய சிலிண்டரில் பழைய அளவுக் கேஸ்கெட்டின் விளிம்பு உள்ளே துருத்திக் கருகும். தடிமன் கூடினால் அழுத்த விகிதம் குறையும். முழுச் செம்புத் தகடு ஒருமுறை நசுங்கியதும் கடினப்படும். சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் இளகும்.

செம்புத்தூள் கலந்த ஸ்பிரேயை இருபுறமும் மெல்லியதாக அடித்தாலே போதும். சிலிகான் பேஸ்ட்டை அப்பினால் பிதுங்கி நீர்வழியை அடைக்கும். வளைந்த ஹெட்டை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. நேர்விளிம்புக் கோலும் ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்து, தேவையானால் முகத்தைச் சாணை பிடிக்க வேண்டும்.

மாடல் டி ஹெட்டின் 15 போல்ட்டுகளும் நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில் இறுக்கப்படுகின்றன. அடிமூடிய துளையில் எண்ணெயோ நீரோ தேங்கியிருந்தால் பிளாக்கே விரிசல் விடலாம். ஓட்டிச் சூடேற்றிய பின் மறு இறுக்கம் தேவை. வார்ப்பிரும்பு ஹெட்டைச் சூட்டோடு இறுக்கலாம். அலுமினிய ஹெட்டை முழுக்க ஆறிய பிறகே தொட வேண்டும்.