மேரி கோம் – இங்ரிட் வலென்சியா குத்துச்சண்டைப் போட்டி, 2021

மேரி கோம் – இங்ரிட் வலென்சியா போட்டி என்பது 2021ஆம் ஆண்டு ஜூலை 29 அன்று ஜப்பானின் டோக்கியோ நகரில் உள்ள கொக்குகிகான் அரங்கில் நடைபெற்ற மகளிர் குத்துச்சண்டைப் போட்டி ஆகும். கொரோனாத் தொற்றினால் ஓராண்டு தள்ளிவைக்கப்பட்ட 2020 கோடைக்கால ஒலிம்பிக்கின் பிளைவெயிட் (51 கிலோகிராம்) பிரிவில், கடைசி 16 பேருக்கான கட்டத்தில் இது நிகழ்ந்தது. கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியா, இந்தியாவின் மேரி கோமை 3-2 என்ற நடுவர் கணக்கில் வென்றார். மூன்று சுற்றுகளில் இரண்டைப் பெரும்பான்மை நடுவர்களின் கணக்கில் கைப்பற்றிய பின்னரும் மேரி கோம் தோற்றதாக அறிவிக்கப்பட்டதால், இத்தீர்ப்பு இந்திய ரசிகர்களிடையே பெரும் விவாதத்திற்கு உள்ளானது.

பின்னணி

மணிப்பூரைச் சேர்ந்த மேரி கோம் 2002, 2005, 2006, 2008, 2010, 2018 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையாளர் பட்டம் வென்றவர். மகளிர் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட 2012 லண்டன் போட்டிகளில் பிளைவெயிட் பிரிவில் வெண்கலப் பதக்கம் பெற்றார். டோக்கியோவில் களமிறங்கியபோது அவருக்கு வயது 38.

வலென்சியா 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதே பிரிவில் வெண்கலம் வென்றவர். இவ்விருவரும் அதற்கு முன் மோதியபோது மேரி கோமே வெற்றி பெற்றிருந்தார். 2019இல் உருசியாவின் உலன்-உதே நகரில் நடந்த உலகப் போட்டியின் காலிறுதியில் ஐந்து நடுவர்களும் மேரி கோமுக்கே வெற்றி வழங்கினர். எனவே டோக்கியோவிலும் அவரே வெல்வார் என்ற எதிர்பார்ப்பு இந்தியாவில் மிகுதியாக இருந்தது. ஜூலை 25 அன்று நடந்த முதற்போட்டியில் அவர் டொமினிக்கன் குடியரசின் மிகெலினா எர்னாண்டசை 4-1 என்ற கணக்கில் வென்றார்.

போட்டியின் போக்கு

மணி ஒலித்தது முதலே வலென்சியா முன்னேறித் தாக்கினார். மேரி கோம் தொலைவைப் பேணி, எதிரியை வரவிட்டு எதிர்க்குத்து விடும் முறையைக் கையாண்டார். முதற்சுற்றில் நால்வர் வலென்சியாவுக்கும் ஒருவர் மேரி கோமுக்கும் முன்னிலை அளித்தனர். அடுத்த இரண்டு சுற்றுகளிலும் மேரி கோமின் கொக்கிக் குத்துகள் பலன் தந்தன. அவ்விரு சுற்றுகளும் 3-2 என்ற கணக்கில் அவருக்குச் சென்றன. இறுதியில் மத்தியஸ்தர் உயர்த்தியது வலென்சியாவின் கையை. வளையத்தில் நின்றபோது தாமே வென்றதாக எண்ணியிருந்ததாகவும், தோல்வியைப் பின்னரே உணர்ந்ததாகவும் மேரி கோம் செய்தியாளர்களிடம் கூறினார்.

புள்ளி வழங்கும் முறை

ஒலிம்பிக் மகளிர் குத்துச்சண்டை மூன்று நிமிடங்கள் கொண்ட மூன்று சுற்றுகளாக நடைபெறுகிறது. வளையத்தைச் சுற்றி அமரும் ஐந்து நடுவர்களும் தனித்தனியே மதிப்பெண் இடுகின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் மேம்பட்டவருக்கு 10 புள்ளிகளும் மற்றவருக்குப் பெரும்பாலும் 9 புள்ளிகளும் வழங்கப்படும். இலக்குப் பகுதியில் படும் தரமான குத்துகளின் எண்ணிக்கை, நுட்பத்திலும் உத்தியிலும் காட்டும் ஆதிக்கம், போட்டியிடும் முனைப்பு ஆகியன கணக்கில் கொள்ளப்படும்.

இங்கு நினைவிற்கொள்ள வேண்டியது, வெற்றி சுற்றுகளின் எண்ணிக்கையால் முடிவாவதில்லை என்பதாகும். ஒவ்வொரு நடுவரும் தம் மூன்று சுற்றுப் புள்ளிகளைக் கூட்டி ஒருவரை வெற்றியாளராகக் காட்டுவார். மூன்று நடுவர்களின் கூட்டல் யாருக்குச் சாதகமாக உள்ளதோ அவரே வென்றவர். பின்வருவது உண்மையான மதிப்பெண் அட்டை அன்று. 4-1, 2-3, 2-3 என்ற சுற்றுக் கணக்குகள் 3-2 என்ற தீர்ப்பாக மாறுவது எவ்வாறு என்பதை விளக்கும் எடுத்துக்காட்டு மட்டுமே.

* நடுவர் அ: வலென்சியா, மேரி கோம், வலென்சியா – வலென்சியாவுக்கு 29-28
* நடுவர் ஆ: வலென்சியா, வலென்சியா, மேரி கோம் – வலென்சியாவுக்கு 29-28
* நடுவர் இ: வலென்சியா, வலென்சியா, மேரி கோம் – வலென்சியாவுக்கு 29-28
* நடுவர் ஈ: வலென்சியா, மேரி கோம், மேரி கோம் – மேரி கோமுக்கு 29-28
* நடுவர் உ: மேரி கோம், மேரி கோம், வலென்சியா – மேரி கோமுக்கு 29-28

இதில் இரண்டாம், மூன்றாம் சுற்றுகளை மும்மூன்று நடுவர்கள் மேரி கோமுக்கு அளித்துள்ளனர். எனினும் அந்த மூவர் இரு சுற்றுகளிலும் ஒரே ஆட்கள் அல்லர். எனவே கூட்டலில் மூன்று அட்டைகள் வலென்சியாவுக்குச் செல்கின்றன.

ரசிகர்களின் மதிப்பீடு

இந்திய ரசிகர்களின் எதிர்ப்பில் இருவேறு வாதங்கள் கலந்திருந்தன. முதலாவது, இரண்டு சுற்றுகளை வென்றவர் தோற்க இயலாது என்பது. மேற்கண்ட விதியின்படி இவ்வாதம் பொருந்தாது. இரண்டாவது, சமமாகத் தோன்றிய முதற்சுற்றை 4-1 என வலென்சியாவுக்கு அளித்தது சரியா என்பது. மேரி கோமும் முதற்சுற்றின் மதிப்பெண்ணையே கேள்விக்குள்ளாக்கினார். இது கணக்கு அன்று, கண்ணோட்டம் பற்றியது. முன்னேறித் தாக்குபவரை ஒரு நடுவரும், பின்வாங்கித் துல்லியமாகக் குத்துபவரை மற்றொரு நடுவரும் மேலானவராகக் கருதக்கூடும். முன்னாள் விளையாட்டுத்துறை அமைச்சர் கிரண் ரிஜிஜுவும் மேரி கோமே தெளிவான வெற்றியாளர் என்ற கருத்தை வெளியிட்டார். போட்டிக்குச் சற்று முன்னர் மேலாடையை மாற்றச் சொன்னது தம்மைப் பாதித்ததாக மேரி கோம் பின்னர் தெரிவித்தார்.

வடசென்னையின் குத்துச்சண்டை மரபைக் கூறும் சார்பட்டா பரம்பரை திரைப்படம் இப்போட்டிக்கு ஒரு வாரம் முன்னர், ஜூலை 22 அன்று வெளியானது. அத்திரைப்படத்தின் களத்தில் எதிராளியை வீழ்த்துவதே வெற்றியின் அடையாளம். ஒலிம்பிக் வளையத்திலோ பெரும்பாலான போட்டிகள் வீழ்த்தல் இன்றிப் புள்ளிகளாலேயே முடிவடைகின்றன.

மேல்முறையீடு

2019 உலகப் போட்டியின் அரையிறுதியில் துருக்கியின் புசே நாஸ் சக்கிரோக்லுவிடம் மேரி கோம் 1-4 எனத் தோற்றபோது இந்தியா அளித்த முறையீடு நிராகரிக்கப்பட்டது. டோக்கியோவில் முறையீட்டுக்கே இடமளிக்கப்படவில்லை. பன்னாட்டுக் குத்துச்சண்டைச் சங்கம் 2019இல் இடைநீக்கம் செய்யப்பட்டதால், அங்கு போட்டிகளைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு அமைத்த தனிப்பணிக்குழு நடத்தியது. ரியோவில் எழுந்த ஐயங்களின் காரணமாக அங்கு பணியாற்றிய நடுவர்கள் எவரும் டோக்கியோவில் அமர்த்தப்படவில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மதிப்பெண்கள் காட்டப்பட்டன. ரியோவில் தீர்ப்புகள் திரிக்கப்பட்டதாக மெக்லாரன் அறிக்கை 2021 செப்டம்பரில் கூறியது.

பிந்தைய நிகழ்வுகள்

வலென்சியா காலிறுதியில் ஜப்பானின் சுகிமி நமிக்கியிடம் தோற்றார். தங்கப் பதக்கத்தைப் பல்கேரியாவின் ஸ்டொய்கா கிரஸ்தேவா சக்கிரோக்லுவை வென்று பெற்றார். டோக்கியோப் போட்டியே மேரி கோமின் கடைசி ஒலிம்பிக் போட்டியாக அமைந்தது. 40 வயது என்ற உச்சவரம்பினால் அவர் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பங்கேற்க இயலவில்லை.

2022 மே 19 அன்று இஸ்தான்புல் நகரில் நடந்த உலகப் போட்டியின் பிளைவெயிட் (52 கிலோகிராம்) இறுதியில், தெலங்காணாவின் நிகத் சரீன் தாய்லாந்தின் ஜுதாமாஸ் ஜித்போங்கை 5-0 என வென்று பட்டம் பெற்றார். அங்கும் இரண்டாம் சுற்று 3-2 என எதிராளிக்கே சென்றது. ஆயினும் ஐந்து அட்டைகளின் கூட்டலும் நிகத்துக்கே சாதகமாக அமைந்தது. டோக்கியோவில் இந்தியருக்குப் பாதகமாக முடிந்த அதே கூட்டல் முறையே இங்கும் பின்பற்றப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.