பின்பக்கத்துப் பட்டை

என் மூத்த மகள் வயிற்றுப் பேரன் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருக்கிறான். போன மாதம் தொலைபேசியில், "தாத்தா, 1968 மாடல் செவர்லே பிக்கப் ஒண்ணு வாங்கியிருக்கேன். பனியில ஓட நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி மாத்தப் போறேன்" என்றான். "முன்னாடி அச்சை மாத்திட்டா வேலை முடிஞ்சுது. பின்னாடி உசரத்துக்கு ஸ்பிரிங்குக்கு அடியில கட்டை வெச்சுக்கலாம்."

புதுச்சேரி அரசில் பல வருடம் வண்டிப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஸ்பானரைத் தொட்டதில்லை. லாக் புத்தகமும் உதிரிபாக பில்லும்தான் என் உலகம். ஆனாலும் அந்தக் கட்டை விஷயம் மனதை உறுத்தியது. உட்கார்ந்து படித்தேன். ஒரு சின்னச் சரித்திரமே கிடைத்தது.

அவன் மாநிலத்திலேயே, மினியாபொலிஸ் நகரில், நாப்கோ என்றொரு கம்பெனி இருந்தது. இரு சக்கரம் இழுக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களை நான்கு சக்கரமும் இழுக்கும்படி மாற்ற, முன் அச்சு, டிரான்ஸ்பர் கேஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்பை 1950-களில் விற்றார்கள். 1957-லிருந்து செவர்லே தொழிற்சாலையிலேயே அதைப் பொருத்தி வாங்க முடிந்தது. அந்த வண்டிகளுக்கு முன்னும் பின்னும் பட்டைதான். அதனால் பின்பக்கத்தில் பெரிய வேலை இல்லை.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் பட்டை என்றால் 'ரெஸோர் அ லாம்'. 'லாம்' என்றால் கத்தியின் அலகு. அலகு அலகாக அடுக்கிய வில். பாரத்தைத் தாங்குவதும் அதுதான், அச்சை இடம் நகராமல் பிடித்துக்கொள்வதும் அதுதான்.

1960-ல் செவர்லே வழியை மாற்றியது. பிக்கப்பில் குடும்பமும் போகிறது, கார் மாதிரி மெத்தென்று ஓட வேண்டும் என்ற எண்ணம். இரு சக்கர இழுவை 'சி' வரிசையின் அரை டன் வண்டிக்குப் பின்னால் சுருள் ஸ்பிரிங் வந்தது. நான்கு சக்கர இழுவை 'கே' வரிசை மட்டும் பட்டையிலேயே நின்றது. மேலே கேபின் ஒன்றுதான். அடியில் இரண்டு வேறு வண்டிகள்.

சுருள் ஸ்பிரிங் பாரத்தை மட்டும் தாங்கும். அச்சைப் பிடிக்க, சட்டத்தின் நடுவிலிருந்து பின்னோக்கி வரும் இரண்டு நீளக் கைகளும், குறுக்கே ஒரு கம்பியும் வேண்டும். கட்டை வைத்து உயர்த்தினால் அந்தக் கம்பி அச்சை ஒரு பக்கமாக இழுக்கும். ஷாஃப்ட்டின் சாய்வு கெட்டு, கிராஸ் சீக்கிரம் தேயும். முறையாகச் செய்வதென்றால் கைகளைக் கழற்றி, பட்டை மாட்டும் பிராக்கெட்டுகளைச் சட்டத்தில் பொருத்தி, அச்சின் மேல் பட்டை உட்காரும் மேடையைச் சரியான சாய்வில் வெல்டிங் செய்து, ஷாஃப்ட்டையும் அளவெடுத்து மாற்ற வேண்டும். ஆக, 1960-ல் எடுத்த முடிவை அவன் திருப்பி எழுத வேண்டியிருந்தது.

கட்டை என்னை ஏன் உறுத்தியது? ஒருமுறை அலுவலக ஜீப்புக்கு, செலவு மிச்சம் என்று ஒரு பக்கப் பட்டையை மட்டும் மாற்ற நான்தான் குறிப்பு எழுதினேன். வண்டி சாய்ந்தே ஓடியது. டிரைவர், "ஐயா, காசை மிச்சம் பிடிச்சீங்க, என் இடுப்பு போச்சு" என்றார். அவர் ஓய்வு பெறும்வரை இடுப்பில் கை வைத்துக்கொண்டுதான் வண்டியிலிருந்து இறங்குவார். அந்தக் குறிப்பில் இருந்தது என் கையெழுத்து.

இதைப் பேரனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. போன வாரம் கூப்பிட்டான்: "தாத்தா, உடைக்கப் போட்ட பழைய 'கே' வண்டியோட சட்டம் கிடைச்சிருக்கு. பட்டையெல்லாம் அப்படியே இருக்கு. என் கேபினைத் தூக்கி அதுமேல வெச்சிடப் போறேன்."

"சட்டத்துக்குப் பத்திரம் இருக்கா?" என்று கேட்டேன்.

சிரித்தான். குமாஸ்தா புத்தி போகுமா?