கீபோர்டு வாசித்த திலீப்

காங்கேயம் வட்டாரத்தில் மாரியம்மன் நோம்பி என்றால் இரவில் இன்னிசைக் கச்சேரி இருந்தாக வேண்டும். பாடகரின் பெயரை நாம் கேட்டறிந்துகொள்கிறோம். டிரம்ஸ்காரரின் வேகத்துக்கு இளவட்டங்கள் விசிலடிக்கிறார்கள். மேடையின் ஓரத்தில் நின்று கீபோர்டு வாசிப்பவரின் பெயரைக் கேட்பார் அநேகமாக இல்லை. ஆயினும் குழலும் வயலினும் வீணையும் அந்த மேடையில் இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொள்பவர் அவரே. மேலைநாட்டு ராக் இசையிலும் இதுபோன்ற நிலையைக் காண்கிறோம். 1965இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் உருவான 'டோர்ஸ்' குழுவின் மேடையில் பேஸ் கிதார் வாசிக்கத் தனியே ஆள் இல்லை. ரே மன்சரெக் வலக்கையால் ஆர்கனை வாசித்தபடியே, இடக்கையால் மற்றொரு சிறு கீபோர்டில் கீழ்ச்சுரங்களை ஒலித்து அந்த இடத்தை நிரப்பினார்.

இல்லாதவரின் இடத்தை நிரப்பும் இந்தத் தொழிலுக்குச் சிறுவயதிலேயே வந்து சேர்ந்தவர் திலீப்குமார் என்ற சென்னைப் பையன், பின்னாளில் ஏ.ஆர். ரஹ்மான். அவருடைய வரலாற்றை 1992இல் வந்த 'ரோஜா'விலிருந்து தொடங்குவதே வழக்கமாகிவிட்டது. நமக்கோ அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகள்தாம் கவனிக்கத்தக்கவையாகத் தோன்றுகின்றன.

1967 ஜனவரி 6இல் பிறந்தவர் திலீப். தந்தை ஆர்.கே. சேகர் மலையாளத் திரையுலகில் இசையமைப்பாளராக மட்டுமின்றி, பிறர் மெட்டமைத்த பாடல்களுக்கு வாத்தியக் கோப்பு செய்பவராகவும் ஓயாது உழைத்தவர். 1976இல் அவர் மறைந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. வீட்டில் எஞ்சியவை இசைக்கருவிகள். அவற்றை வாடகைக்கு விட்டே தாயார் குடும்பத்தை நடத்தினார். கருவிகளை விற்றுவிட்டு, வரும் பணத்தின் வட்டியில் வாழலாமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. மகன் இருக்கிறான் என்ற நம்பிக்கையில் அந்த அம்மையார் அதற்கு இணங்கவில்லை. தமிழ்த் திரையிசையின் போக்கைத் தீர்மானித்த முடிவுகளுள் இதனையும் ஒன்றாகவே நாம் எண்ணுகிறோம்.

பிறகு அந்தச் சிறுவனின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. இளையராஜாவுக்கும் ஆசிரியராயிருந்த தன்ராஜ் மாஸ்டரிடம் பயிற்சி, எம்.கே. அர்ஜுனன், எம்.எஸ். விஸ்வநாதன், இளையராஜா, தெலுங்கில் ராஜ்-கோட்டி எனப் பலருடைய ஒலிப்பதிவுகளில் கீபோர்டு வாசிப்பு. ஒலிப்பதிவுக் கூடத்தில் முன்னே வைக்கப்படும் தாளில் உள்ளதைப் பிழையின்றி வாசித்துவிட்டு எழுந்து வர வேண்டும். அது நல்ல பள்ளிதான். ஆனால் தன் விருப்பத்தைக் கேட்டுப் பார்க்க அங்கே இடம் குறைவு.

அந்த இடத்தை அவருக்குத் தந்தவை ராக் குழுக்கள். 'ரூட்ஸ்' குழுவில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் முதலிய நண்பர்களுடன் அவர் கீபோர்டு வாசித்ததோடு இசைக்கோப்பையும் கவனித்தார். 'நெமிசிஸ் அவென்யூ' என்ற குழுவையும் தோற்றுவித்தார். இக்குழுக்கள் பெரும்புகழ் எய்தியவை அல்ல. எனினும் அங்கே கிடைத்த தோழமை வீண்போகவில்லை. 'ஜென்டில்மேன்' (1993), 'காதலன்' (1994) படங்களில் நாம் கேட்டு வியந்த சுரேஷ் பீட்டர்ஸின் குரலும், ரஹ்மானின் ஒலிப்பதிவுகளில் ஒலித்த சிவமணியின் தாளமும் அந்த நட்பின் தொடர்ச்சியே. விளம்பரப் பாடல்களில் சில ஆண்டுகள் கழிந்தபின், கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே தமக்கெனச் சொந்த ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் அமைத்துக்கொண்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1983இல் 'மிடி' என்னும் பொதுமுறை வந்தபின், வெவ்வேறு நிறுவனங்களின் மின்னணுக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க முடிந்தது. சுரங்களைச் சேமித்து வைத்து, வேண்டியபோது தானே ஒலிக்கச் செய்யும் சீக்வென்சரும் பரவலாயிற்று. ஒரே கூடத்தில் வரிசையாய் அமர்ந்து வாசித்த வயலின் கலைஞர்கள் பலருக்கு வேலை குறைந்தது. நம் ஊர் மேடைகளிலும் குழலுக்கும் கிளாரினெட்டுக்கும் அதே கதிதான். இதற்கு ரஹ்மான் ஒருவரைப் பொறுப்பாக்குவது முறையன்று. அவர் வருமுன்னரே தொடங்கிவிட்ட மாற்றம் அது. ஆயினும் அதன் வெற்றிக்கு முகமாய் அமைந்தவர் அவரே என்பதை மறுக்க இயலாது.

2008இல் அவர் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அதன் 'சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா' திட்டத்தில் வசதியற்ற குடும்பத்துப் பிள்ளைகள் வயலினும் செல்லோவும் பயின்றனர்.