புழுங்கல் அரிசியும் கைமருந்தும்: நெகிரி செம்பிலான் தோட்டத் தமிழரின் நலவாழ்வு வரலாறு

மலேசியத் தோட்டத் தமிழரின் கைமருத்துவத்தைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் மூலிகைப் பட்டியலாகத் தொடங்கி, முன்னோரின் அறிவை வியந்து முடிகின்றன. அத்தகைய தொகுப்புகளுக்குப் பயன் உண்டு. ஆயினும் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய வினா வேறு. லயத்து வீட்டு அடுக்களையில் இருந்த பொருள்களுள் எது தோட்டத் தொழிலாளரின் உயிரை உண்மையிலேயே காத்தது, எது காக்க இயலாமற் போயிற்று என்பதே அவ்வினா. நெகிரி செம்பிலான் மாநிலத்தை முன்வைத்து அதற்கு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

போர்ட்டிக்சனுக்குத் தெற்கே கடலோரச் சாலையில் அமைந்துள்ள சி ரூசா இன்று சுற்றுலாத் தலமாகவே அறியப்படுகிறது. கடலை விட்டுச் சற்று உள்ளே சென்றால் அதன் பழைய முகம் தெரியும். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைக்கும் இருப்புப்பாதை 1891ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. அக்காலத்தில் இவ்வட்டாரத் தோட்டங்களில் காப்பி பயிரிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தை ரப்பர் பிடித்தது. லின்சம், சுவா பெத்தோங் போன்ற தோட்டப் பெயர்கள் இம்மாநிலத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் நினைவில் ஊர்ப் பெயர்களாகவே நிலைத்துவிட்டன.

இத்தோட்டங்களுக்கு வந்த தமிழர் தம்முடன் கொண்டுவந்த மருத்துவம் அஞ்சறைப் பெட்டிக்குள் அடங்குவது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், மஞ்சள், பெருங்காயம் ஆகியன எல்லா வீடுகளிலும் இருந்தன. குழந்தையின் வயிற்று உப்புசத்திற்கு வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவினர். அதன் பெயரை இரவில் உச்சரிக்கக் கூடாதென்று 'பேர் சொல்லாதது' என்றே வழங்கினர். பால்வெட்டும் தொழிலாளி காலில் அடிபட்டு வீங்கினால் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுவது வழக்கம். சளிக்குக் கற்பூரவல்லியும் ஆடாதொடையும், நீர்க்கோவைக்கு நொச்சியிலை ஆவியும் பயன்பட்டன. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டும் மிளகும் சேர்ந்த பத்தியக் குழம்பு சமைக்கப்பட்டது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகப்பட்டது. அதற்காகவே தோட்டத்து மாரியம்மன் கோயிலருகே வேம்பை நட்டு வளர்த்தனர் போலும்.

இம்மருத்துவம் வந்த இடத்தில் அப்படியே உறைந்துவிடவில்லை. நாம் நிலவேம்பு என்பதை மலாய்க்காரர் 'ஹெம்பெடு பூமி', அதாவது மண்ணின் பித்தம் என்பர். இரு சமூகத்தாரும் அதனைக் காய்ச்சலுக்கே காய்ச்சிக் குடித்தனர். பின்னர்க் கோடாலித் தைலமும் அஞ்சறைப் பெட்டியின் அருகே இடம்பிடித்தது. அது சீனர் ஒருவர் சிங்கப்பூரில் தொடங்கிய வணிகப் பொருள். இன்று அதனைப் 'பாட்டி வைத்தியம்' என்று சொல்வோரிடம் யாரும் குறை காண்பதில்லை.

இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு பொருளை எவரும் மருந்தென்று கருதவில்லை. அது அன்றாடம் உலையில் வெந்த புழுங்கல் அரிசி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் பெரிபெரி என்னும் நோய் சீனத் தொழிலாளரைப் பெருமளவில் பலிகொண்டது. கால்கள் மரத்துப்போய், உடல் வீங்கி, இறுதியில் இதயம் நின்றுவிடும் கொடிய நோய் அது. அதே நாட்டில், ஏறத்தாழ அதே வறுமையில் வாழ்ந்த தமிழரிடையே அந்நோய் மிக அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலான் மாநில மருத்துவ அதிகாரியாகச் சிரம்பானில் பணியாற்றிய பிராடன் இவ்வேறுபாட்டைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த பச்சரிசி. தமிழர் உண்டது அவித்து உலர்த்திக் குத்திய புழுங்கல் அரிசி. பெரிபெரியின் காரணத்தையும் தடுப்பையும் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் 1907இல் லண்டனில் வெளிவந்தது. பழைய பச்சரிசியில் உண்டாகும் ஏதோ ஒரு நஞ்சே நோய்க்குக் காரணம் என்பது அவருடைய கொள்கை. அக்கொள்கை பின்னர் தவறென நிறுவப்பட்டது. எனினும் அரிசியைச் சுட்டிக்காட்டியதில் அவர் பிழைபடவில்லை.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்னும் மருத்துவர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பச்சரிசியும் மற்றவருக்குப் புழுங்கலரிசியும் வழங்கினார். அதன் முடிவுகளும் 1907இல்தான் வெளிவந்தன. பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றப் பிரிவில் அந்நோயால் ஓர் இறப்பும் இல்லை. அதே ஆண்டில் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானின் ஜெலுபு மாவட்டத்தில் டுரியான் திப்பூஸ் என்னும் இடத்தில் சாலை அமைத்த 300 ஜாவானியத் தொழிலாளரைக் கொண்டு ஆய்வைத் தொடங்கினர். பச்சரிசி உண்ட குழுவில் சில மாதங்களில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் அரிசியைத் தொடர்ந்து குழு மாறியது. நஞ்சன்று, தீட்டும்போது தவிட்டோடு நீங்கும் ஏதோ ஒரு சத்தின் குறைவே காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர். தொழிலாளரின் உடல் இவ்வாறு சோதனைக் களமாக்கப்பட்டதை இன்றைய ஆய்வு நெறி ஏற்காது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அச்சத்து 1926இல் ஜாவாவில் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இன்று நாம் வைட்டமின் பி1 என்பது அதுவே. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, உமிக்கு அடியிலுள்ள தவிட்டு அடுக்கிலிருந்து அச்சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர்த் தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. சோறு வடிக்கும்போது சத்தின் ஒரு பகுதி கஞ்சியில் கரைந்து போகும். ஆனால் தோட்டத்து வீடுகளில் வடிகஞ்சியைக் கொட்டுவோர் இல்லை. பெரட்டுக்குப் புறப்படுமுன் விடியற்காலையில் உண்ட பழையசோறும் நீராகாரமும் ஒருவகையில் தற்காப்பாகவே அமைந்தன.

இதனைக் கொண்டு, 'தமிழர் அன்றே வைட்டமினை அறிந்திருந்தனர்' என்று பெருமை பேசுவது வரலாறாகாது. நெல்லை அவித்ததற்குரிய காரணங்கள் வேறு. குத்தும்போது குருணை குறையும். அரிசி நெடுநாள் பூச்சி அரிக்காமல் இருக்கும். உழைப்பவன் வயிற்றில் பசி தாங்கும். மேலும் தமிழகத்தில் பச்சரிசி பூசைக்கும் விருந்துக்கும் உரியதாகவும், புழுங்கல் உழைப்பாளிக்கு உரியதாகவும் கருதப்பட்டன. மதிப்பில் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட அரிசியே உயிரைக் காத்தது. பெரிபெரி வரலாற்றில் பிராடன், பிரேசர், ஸ்டாண்டன் ஆகியோரின் பெயர்கள் உரிய இடம் பெற்றுள்ளன. அவித்தும் உலர்த்தியும் அவ்வழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிய பெண்கள் அவ்வரலாற்றில் ஒரு 'வழக்கம்' என்ற அளவிலேயே நிற்கின்றனர்.

அடுக்களையின் எல்லை மலேரியாவில் வெளிப்பட்டது. 1911ஆம் ஆண்டில் ஐக்கிய மலாய் நாடுகளின் தோட்டங்களில் ஆயிரம் தொழிலாளருக்கு 60 பேருக்கு மேல் இறந்தனர். இவ்விறப்புகளில் மலேரியாவின் பங்கு மிகப் பெரிது. கிள்ளானில் மலேரியாவை ஆராய்ந்த மால்கம் வாட்சன் இதன் இயக்கத்தைத் தெளிவுபடுத்தினார். சமவெளிக் காட்டை அழித்து வடிகால் வெட்டினால் கொசு குறைந்தது. மேடுபள்ளமான நிலத்திலோ காட்டை அழித்ததும் நோய் பெருகியது. வெயில் படும் தெளிந்த ஓடைகளில் வளரும் வேறொரு கொசுவினம் அங்கே நோயைப் பரப்பியதே காரணம். நெகிரி செம்பிலானின் நிலம் பெரும்பாலும் இத்தகையதே. தொழிலாளி தன் கையாலேயே வெட்டித் திறந்த நிலம் அவனைக் கொல்லும் கொசுவை வளர்த்தது. இதற்கு நிலவேம்புக் கசாயம் என்ன செய்ய முடியும்? கொயினாவும், மண்ணுக்கடியில் குழாய் பதித்த வடிகாலும், ஓடைகளில் தெளித்த எண்ணெயும் வந்த பின்னரே இறப்பு குறைந்தது. அவற்றிற்குப் பணம் செலவிட வேண்டியவர் தோட்ட முதலாளி. தோட்டத் தொழிலாளரின் உடல்நலப் பாதுகாப்புக்கென 1911இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்பதே, அவர்கள் தாமாக முன்வரவில்லை என்பதைக் காட்டும். கைமருந்தைப் போற்றும்போது இக்கணக்கை மறைத்துவிடுதல் ஆகாது. மருத்துவர் இல்லாத லயத்தில் கசாயம் காய்ச்சியது பெரும்பாலும் விருப்பத்தால் அன்று, வேறு வழியின்மையால்.

சப்பானியர் ஆட்சிக்காலத்தில் (1942-45) இவ்விரு உண்மைகளும் ஒருங்கே புலப்பட்டன. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி அருகியது. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. தமிழரிடையே அரிதாக இருந்த பெரிபெரி இப்போது அவர்களையும் பற்றியது. கொயினா கிடைக்கவில்லை. ஆறாத புண்களுக்கு மஞ்சளும் வேப்பிலையுமே மருந்தாயின. சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தோட்டத் தமிழருக்கோ அதுவும் வாய்க்கவில்லை. அஞ்சறைப் பெட்டியையும் அதைத் திறந்து அரைத்துக் கொடுக்கத் தெரிந்த பெண்களையும் அவர்கள் தோட்டத்திலேயே விட்டுச் சென்றிருந்தனர்.

போருக்குப் பின் வளர்ந்த தலைமுறை வெள்ளை அரிசிக்கு மாறியது. பழையசோறு வறுமையின் அடையாளமாயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் லயங்கள் கலைந்தபோது, நொச்சியும் ஆடாதொடையும் வளர்ந்த வேலியோரங்களும் உடன் மறைந்தன. கற்பூரவல்லி மட்டும் அடுக்குமாடி வீடுகளின் பூந்தொட்டிகளில் தப்பிப் பிழைத்திருக்கிறது. புழுங்கல் அரிசியோ இன்று நீரிழிவு நோயாளருக்கு ஏற்றதெனப் பரிந்துரைக்கப்பட்டு, வெள்ளை அரிசியைவிடக் கூடுதல் விலையில் மளிகைக் கடைகளில் விற்கப்படுகிறது.