வழுக்கையும் வாணிகமும்

புத்தளம் மாவட்டத்தில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கிறது கற்பிட்டிக் குடாநாடு. அதன் கடற்பக்கத்தில் அமைந்த கிராமம் கண்டக்குழி. மீன்பிடியும் தென்னையும் சோறு போடும் கரை அது. அங்கே முடிக்கு வைத்தியம் என்றால் தேங்காய் எண்ணெய்தான். பள்ளிக்குப் புறப்படும் பிள்ளையின் தலையில் தாய் தடவும் எண்ணெயில் அன்பு உண்டு. உப்புக்காற்றில் வறண்ட முடிக்குப் பதமும் உண்டு. ஆனால், நாற்பது வயதில் நெற்றி ஏறிப்போன மீனவரின் தலையில் அந்த எண்ணெய் புதுமுடியை முளைப்பிப்பதில்லை. இதை அவரும் அறிவார். அறிந்திருந்தும், அதே எண்ணெய் வண்ணப் போத்தலில், புதுப்பெயரோடு கடைக்கு வரும்போது அவருடைய கை ஒருகணம் சட்டைப்பையை நாடுகிறது. அந்த ஒருகணத்தின் வரலாற்றையே நாம் இங்கு நோக்க வேண்டும்.

இந்த ஆசை இன்று நேற்றுத் தோன்றியதன்று. கி. மு. 1550 அளவில் எழுதப்பட்ட எகிப்திய வைத்திய ஏடாகிய ஏபர்ஸ் சுவடி, சிங்கம், நீர்யானை, முதலை, பூனை, பாம்பு முதலியவற்றின் கொழுப்பைக் கலந்து வழுக்கையிற் பூசச் சொல்கிறது. மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாகக் கொழுப்பு மாறியது, போத்தல் மாறியது. வாக்குறுதி மட்டும் மாறவில்லை.

காரணத்தை அறியாதவரை மருந்து வெறும் ஊகமே. 1942ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஹமில்டன் என்னும் அமெரிக்க உடற்கூற்றறிஞர் இந்த ஊகத்துக்கு ஒரு முடிவு கட்டினார். பருவமடையுமுன் விரை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்றும், அவர்களுக்கு ஆண் ஹோர்மோனைச் செலுத்தினால், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி உதிரத் தொடங்குகிறது என்றும் அவர் காட்டினார். பரம்பரையும் ஹோர்மோனும் சேர்ந்து நடத்தும் காரியம் இது. தலையின் மேலே தடவும் எண்ணெய் இதைத் தடுக்க இயலாது.

பின்னர் வந்த இரு மருந்துகளின் கதை விசித்திரமானது. மினொக்சிடில் என்பது இரத்த அழுத்தத்தைக் குறைப்பதற்காக அப்ஜோன் கம்பெனி ஆக்கிய மாத்திரை. அதை விழுங்கிய நோயாளரின் உடலில் வேண்டாத இடங்களிலெல்லாம் முடி வளர்ந்தது. அந்தப் பக்கவிளைவே சரக்காயிற்று. 1988இல் அதன் கரைசல் வழுக்கைக்கு மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மற்றையது ஃபினாஸ்டரைட். டொமினிக்கன் குடியரசின் ஒதுக்குப்புறக் கிராமமொன்றில், ஆண் ஹோர்மோனை மேலும் வலிமையுள்ள வடிவுக்கு மாற்றும் நொதி பிறவியிலேயே குறைந்த சிலர் இருந்தனர். அவர்களுக்குப் புரோஸ்டேட் சுரப்பி சிறியதாயிருந்தது. நெற்றி முடி பின்வாங்கவில்லை. 1974இல் இம்பராத்தோ மக்கின்லி என்னும் பெண் வைத்தியரும் அவரோடு உழைத்தோரும் இதை வெளியிட்டனர். அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை மேர்க் கம்பெனி ஆக்கியது. 1992இல் அது 5 மில்லிகிராம் மாத்திரையாகப் புரோஸ்டேட் நோய்க்கும், 1997இல் 1 மில்லிகிராம் மாத்திரையாக வழுக்கைக்கும் சந்தைக்கு வந்தது. இந்தச் செல்வத்தின் திறவுகோல் கண்டக்குழியைப் போன்ற ஓர் எளிய கிராமத்து மக்களின் உடலிலே கிடந்தது. அந்தச் செல்வத்தில் அம்மக்களுக்குப் பங்கு என்ன என்ற வினாவை எழுப்பாமல் இக்கதையைச் சொல்வது நேர்மையாகாது.

இவ்விரு மருந்துகளும் ஓரளவு பயன் தருவன என்பது உண்மை. நிறுத்தினால் பயனும் நின்றுவிடும் என்பதும் உண்மை. ஆகவே வாங்குபவர் ஆயுள் முழுவதும் வாங்க வேண்டும். வாணிகத்துக்கு இதனினும் உவப்பான நோய் வேறெது? ஃபினாஸ்டரைட் ஆண்மைக் குறைபாட்டை உண்டாக்கலாம் என்ற எச்சரிக்கை நெடுநாளாக உண்டு. தற்கொலை எண்ணமும் அதன் பக்கவிளைவே என 2025 மே மாதத்தில் ஐரோப்பிய மருந்து முகாமையின் குழு உறுதி செய்தது.

புதிய நம்பிக்கை வேறொரு நோயிலிருந்து பிறந்திருக்கிறது. நம் மக்கள் புழுவெட்டு என்று சொல்வதில் புழு எதுவும் இல்லை. உடலின் காவற்படையே மயிர்க்கால்களைப் பகையென எண்ணித் தாக்குகிறது. மூட்டுவாதத்துக்குக் கொடுக்கப்பட்ட பாரிசிடினிப் என்னும் மாத்திரை, கடுமையான புழுவெட்டுக்கும் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சோதனையில் உயர்ந்த அளவு மருந்தைப் பெற்றவர்களுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குத் தலையின் பெரும்பகுதியில் முடி திரும்பியது. புருவமும் இமைமயிரும் உதிர்ந்து, வகுப்பறைக்குள் நுழையவே கூசும் ஒரு மாணவிக்கு இது சிறு செய்தியன்று. அவளுடைய நம்பிக்கையை நாம் ஏளனம் செய்யக் கூடாது. ஆனால் மற்ற இருவரின் நிலை என்ன, விலை என்ன, நிறுத்தினால் நேர்வது என்ன என்று கேட்காமலும் இருக்கக் கூடாது.

கேளாமல் விட்டால் நேரக்கூடியதை 2016இல் சென்னை கண்டது. வைத்திய மாணவர் ஒருவர் முடிநாட்டுச் சிகிச்சையை அடுத்து மாண்டார். வைத்தியம் கற்றவரையே இந்த வழிக்கு இழுக்குமளவு, வழுக்கைத் தலையைக் கேலிப்பொருளாக்கி, கலியாணச் சந்தையில் விலை குறைத்து வைத்திருக்கிறது நம் சமுதாயம். காணொளி பார்த்துப் பழகுவது இச்சிகிச்சைக்குரிய பயிற்சியாகாது என 2022இல் இந்திய தேசிய வைத்திய ஆணையம் எழுதி வைக்க வேண்டியதாயிற்று. வழுக்கையைக் குணப்படுத்துவதாக மருந்து எதுவும் உரிமை கொண்டாடக் கூடாது என்ற விதி அந்நாட்டில் முன்னரே உண்டு. விதி ஏட்டில் இருக்கிறது. விளம்பரம் வீதியில் நிற்கிறது.

இங்கேதான் நம் நாட்டுப் பேராசிரியர் சேனக பிபிலேயை நினைவுகூர வேண்டும். 1971இல் அவரும் வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் சமர்ப்பித்த அறிக்கை, மருந்தை வணிகப் பெயரால் அன்றி அதன் சொந்தப் பெயரால் வாங்க வேண்டும், தேவையான மருந்தையே வாங்க வேண்டும் என்றது. அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. பிபிலே அதன் முதல் தலைவரானார். பன்னாட்டுக் கம்பெனிகள் அதை விரும்பவில்லை. 1977இல் கயானாவில் அவர் காலமானார். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், நம் அரசாங்க வைத்தியசாலைகள் அத்தியாவசிய மருந்துக்கே தவித்தபோது, அவருடைய வினாக்கள் எவ்வளவு உயிருள்ளவை என்பதை நாடு பட்டறிந்தது.

இந்த மருந்தின் உண்மைப் பெயர் என்ன? யாருக்கு, எவ்வளவு பயன் தரும் என்பதற்குச் சான்று எங்கே? இதற்குக் கொடுக்கும் பணத்தால் விடுபட்டுப்போகும் தேவை எது? இம்மூன்று வினாக்களையும் வகுப்பறையிற் கற்பிக்கும் ஆசிரியர், எந்த விளம்பரத்தையும் வெல்லவல்ல ஆயுதத்தைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தவராவார். விஞ்ஞானம் மெல்ல நடக்கும், ஆயினும் நடக்கிறது. அது ஒருநாள் வழுக்கையையும் வெல்லக்கூடும். அந்த வெற்றி பணம் படைத்தவரின் தலையோடு நின்றுவிடாமல் கண்டக்குழி மீனவரின் வீட்டுப் படலையையும் தட்ட வேண்டும். அதுவரையில், வண்ணப் போத்தலை நோக்கி நீளும் கையை ஒருகணம் நிறுத்தி, அவரும் இம்மூன்று வினாக்களையும் கேட்கட்டும். எண்ணெய் வேண்டுமானால், அவர் முற்றத்துத் தென்னையே போதும்.